வெனிசில் 1ஆம் நம்பர் படகு: கொடுத்த காசுக்குத் தகும்

வெனிசுக்குப் போகிற யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: கொண்டோலா என்கிற துடுப்புப் படகை விடுங்கள், 1ஆம் நம்பர் வப்பொரேத்தோவில் ஏறுங்கள். ஒரு தடவை போதாது, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவில் ஒன்று. வப்பொரேத்தோ என்றால் அந்த ஊர் பஸ், தெருவில் ஓடாமல் தண்ணீரில் ஓடுகிறது. 2024 மே மாதம் சுவிசில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போன நேரம் அக்கா, அத்தான், மருமகள், அம்மா, நான் என்று ஐந்து பேர் மிலான் வழியாக ரயிலில் போய் அங்கே மூன்று இரவு தங்கினோம். திரும்பி வந்த பிறகு மனதில் நிற்கிறதெல்லாம் இந்தப் படகில் இருந்து பார்த்தவைதான், அதனால் மற்றதை விட்டுவிட்டு இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் காசு, ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். விலை எல்லாம் நாங்கள் போன 2024இல் இருந்தது. ஒரு டிக்கட் 9.50 யூரோ, 75 நிமிடத்துக்குச் செல்லும். நம்மட இலங்கைக் காசுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேலே. ஒரு படகுப் பயணத்துக்கு இது கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் பாஸ் 25, மூன்று நாள் பாஸ் 45 யூரோ, அதை எடுத்தால் நாளுக்கு எத்தனை தடவையும் ஏறி இறங்கலாம், பக்கத்துத் தீவுகளுக்கும் போகலாம். 6 வயதிலிருந்து 29 வரை உள்ளவர்களுக்கு ஒரு தள்ளுபடி அட்டை இருக்கிறது, மருமகளுக்கு அதை எடுத்ததில் அட்டையும் மூன்று நாள் பாஸும் சேர்த்து 33 யூரோவுக்கு முடிந்தது. கொண்டோலாவுக்கு அரை மணித்தியாலம் 90 யூரோ. கொண்டோலாவில் நிற்க ஆசை என்றால் ‘திராகெத்தோ’ என்று கேளுங்கள், 2 யூரோவுக்கு இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டு நிமிடம்தான், ஆசை தீரும்.

சரி, படகுக்கு வருவோம். ரயில் கடைசியில் வாவிக்கு மேலே கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர் பாலத்தில் ஓடியது. எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்த அம்மா பாதியில் பேச்சை விட்டுவிட்டு யன்னலோடு ஒட்டிக்கொண்டார். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிகள், படி முடிகிற இடத்தில் கால்வாய். ரோட்டு இல்லை, ஓட்டோ இல்லை, ஹோர்ன் சத்தம் இல்லை. துறையில் போய் நின்றோம். துறை என்பது மிதக்கிற கூடு மாதிரி ஒன்று, அதுவும் ஆடும். முழங்கால் வலிக்காரியான அம்மா முதலில் பயந்து என் கையைப் பிடித்தார். படகு வந்து முட்டியதும் வாசலில் நின்ற பெண்பிள்ளை ஒரு கயிற்றை எடுத்து இரும்புக் கட்டையில் ஒரே சுழற்றில் போட்டு இறுக்க, கயிறு கிரீச் என்று இழுபட்டு நிற்க, அவள் கதவைத் தள்ளி நிறுத்தத்தின் பெயரைக் கத்த, எல்லாம் மூச்சு விடுகிற நேரத்தில் நடந்து முடிந்தது. அம்மா சொன்னது: “இது நம்மட மண்டூர்ப் பாதை மாதிரியே கிடக்கு கா.”

பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில் போனவர்களுக்கு இது விளங்கும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை, கோயிலுக்குப் போகிற கிழவி எல்லாம் ஒன்றாக நின்று வாவியைக் கடக்கிற அந்தக் காட்சியை நான் ஐரோப்பாவில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. பின்பக்கம் வெளியே உட்கார்ந்திருந்த நேரம் ஒரு பிள்ளை மடியில் கொப்பியை வைத்து வீட்டுப்பாடம் எழுதியது. கைவண்டி நிறைய மரக்கறியோடு ஏறிய ஒரு பாட்டி கயிறு போடுகிற பெண்ணோடு இரண்டு நிறுத்தத்துக்குக் கதைத்துக்கொண்டே போனார். அந்தப் பக்கம் நீல விளக்கோடு ஆம்புலன்ஸ் படகு பறந்தது, இந்தப் பக்கம் ஒரு தோணியில் உடுப்புத் தோய்க்கிற மெசின் போனது. இரண்டு பக்கமும் நூற்றாண்டுக் கணக்கான மாளிகைகள், அவற்றின் முன்வாசல் நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது, படியில் எந்த மட்டம் வரைக்கும் பாசி பிடித்திருக்கிறதோ அதுதான் கடல் ஏறுகிற மட்டம்.

பெரிய கால்வாய் 4 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் 1ஆம் நம்பர் ஏறக்குறைய எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போவதால் நிலையத்தில் இருந்து சான் மார்கோ சதுக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அவசரம் என்றால் 2ஆம் நம்பர். ஆனால் அது சலூத்தே கோயில் வாசலில் நிற்காது, 1 நிற்கும். 1630இல் கொள்ளைநோய் வந்து ஊரில் மூன்றில் ஒரு பங்கு சனம் செத்துக்கொண்டிருந்த நேரம், நோய் போனால் மாதாவுக்குக் கோயில் கட்டுவோம் என்று நேர்த்தி வைத்துக் கட்டிய கோயில் அது. இன்றும் நவம்பர் 21ஆம் திகதி கால்வாய்க்கு மேலே தற்காலிகப் பாலம் போட்டுச் சனம் நடந்து போய் மெழுகுதிரி ஏற்றுகிறது. அக்கா வாசித்துச் சொல்லச் சொல்ல அம்மா படகில் இருந்தே கும்பிட்டார்.

ரியால்டோ சந்தையை விடியவே பாருங்கள். ஞாயிறும் திங்களும் மீன் இருக்காது. மீனைவிட எனக்குப் பிடித்தது சுவரில் இருக்கிற ஒரு பழைய சலவைக்கல். இந்த நீளத்துக்குக் குறைந்த மீனை விற்கக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், சூடை மாதிரிச் சின்னதுக்கு 7 சென்ரிமீற்றர், விலாங்குக்கு 25. நான் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்ற நேரத்தை வேறு எந்தச் சிலைக்கு முன்னாலும் நிற்கவில்லை. வாவியில் சின்னக் கண் வலையில் குஞ்சு குருமனெல்லாம் அள்ளுகிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தக் கல்லைப் பார்த்து நெஞ்சு பாரமாகிப் போனது.

இன்னொன்று. கடல் ஏறினால் ஊர் மூழ்கும் என்று வாவியின் மூன்று வாயிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் வைத்து, 2020இல் இருந்து தேவையான நேரம் அடைக்கிறார்கள். இங்கே மாரி வெள்ளம் வந்தால் நாங்கள் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கிறோம், அங்கே வாயை மூடுகிறார்கள். இதை அத்தானுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்ததில் ரியால்டோவில் திசை மாறி ஏறிவிட்டோம். ஒவ்வொரு துறையிலும் இரண்டு திசைக்கும் படகு வரும், பலகையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கடைசி நிறுத்தமான லிடோ வரைக்கும் போய் இறங்கினால் அங்கே காரும் பஸ்ஸும் ஓடுகிறது! இரண்டு நாளாக ஒரு சில்லுகூடக் காணாமல் இருந்த மருமகள் பஸ்ஸைக் கண்டு துள்ளினாள். அடுத்த படகில் திரும்பி வந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. திறந்த வாவியில் இருந்து சான் மார்கோ மணிக்கோபுரம் மெல்ல மெல்லப் பெரிதாகி வந்ததை நாங்கள் ஐந்து பேரும் ஒரு சொல் பேசாமல் பார்த்தோம்.

குறை என்று சொன்னால், காலை 10 மணியில் இருந்து பின்னேரம் வரைக்கும் நெரிசல், பெட்டி படுக்கையோடு ஏறுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கஷ்டம். நிலையத்துக்கு முந்தின நிறுத்தம் பியாத்சாலே ரோமா, படகு அங்கேதான் தொடங்குகிறது, கொஞ்சம் நடந்துபோய் அங்கே ஏறினால் இருக்க இடம் கிடைக்கும். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் துறையில் இருக்கிற இயந்திரத்தில் காட்டவேண்டும், மறந்தால் தண்டம். நடக்க ஏலாதவர்களோடு போகிறவர்களுக்கு இந்தப் படகை விட்டால் வழி இல்லை, அந்த ஊர்ப் பாலம் கிட்டத்தட்ட எல்லாமே படி ஏறி இறங்கவேண்டியது. அம்மாவின் முழங்காலைக் காப்பாற்றியது அந்தப் பாஸ்தான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரையைக் குறைத்தது விலைக்காக.

இரவுப் படகைத் தவறவிடாதீர்கள். ஒன்பது மணிக்குப் பிறகு சனம் குறைந்து, மாளிகைகளின் மேல் யன்னல்களில் வெளிச்சம் வரும். கீழே இருட்டில் இருந்து அண்ணாந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய வீட்டு உட்கூரையில் தீட்டிய ஓவியம் ஒரு நொடி தெரிந்து மறையும்.

ஊருக்கு வந்து ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்குப் போனோம். பாதையில் ஏறியதும் அம்மா அங்கே நின்ற தம்பியிடம், “மனே, வெனிசில ஒரு பொம்பிளப் பிள்ளை நின்டு கயிறு போடுது, அந்தக் கெட்டித்தனம் பார்க்கணும்” என்று சொன்னார். அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்: “அங்க பாதைக்கு எவ்வளவு காசு அம்மா?”