நாலு நாமினி: பங்கா, வரிசையா?

தண்டையார்பேட்டை எதிர்வீட்டு அக்கா டெபாசிட்டுக்கும் லாக்கருக்கும் நாமினி படிவங்களோடு வந்து நின்றார். முன்பெல்லாம் வங்கி டெபாசிட்டுக்கு ஒரு நாமினிதான், அதாவது நமக்குப் பிறகு வாங்கிக்கொள்ள நாம் பெயர் எழுதித் தரும் ஆள். வங்கிச் சட்டத் திருத்தத்தால் 2025 நவம்பர் 1 முதல் நாலு பேர் வரை, பங்கு முறையிலோ வரிசை முறையிலோ போடலாம்.

பங்கு முறையில் சதவீதம் எழுதவேண்டும். மகளுக்கு 50, மகன்களுக்குத் தலா 25 என்றால் கூட்டுத்தொகை சரியாக 100 வரவேண்டும். வரிசை முறையில் முதல் ஆள் இருக்கும்வரை அடுத்தவருக்குப் பேச்சே இல்லை. லாக்கருக்கு வரிசை மட்டும்தான். ஆரத்தைச் சதவீதமாக வெட்டமுடியுமா என்ன?

டெபாசிட்டுக்குப் பங்கையே சொன்னேன். மூத்தவனை முதலில் வைத்து வரிசை போட்டால் மொத்தமும் அவன் கைக்குப் போகும். “அம்மா எனக்குத்தான் எழுதுச்சு” என்று அவன் கிளம்பினால் காசிமேடு மீன் ஏலக்கூச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்கும்.

அவன் அப்படிச் சொல்லவும் முடியாது. எந்த முறையானாலும் நாமினி பணத்தை வாங்கும் கைதான், உரிமை வாரிசுகளுக்கே. கம்பெனிப் பங்குகளுக்கும் இதையே 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் உயில் வேண்டும் என்றேன்.

“நல்ல நாளும் அதுவுமா உயில் பேச்சு எதுக்குப்பா?” என்றார் அக்கா. லாக்கர் படிவத்தில் மட்டும் மகள் பெயரை முதலில் எழுதிக்கொண்டு போனார்.