நானூறும் இருபத்தாறாயிரமும்: தில்லித் தொழிலாளிக்கு எது உதவும்?

2024 மக்களவைத் தேர்தலில் குறைந்தபட்ச ஊதியம் பற்றிக் கட்சிகள் சொன்னவை ஒரே அளவுகோலில் அடங்குவன அல்ல. காங்கிரஸ் நாடு முழுவதற்கும் நாளொன்றுக்கு ரூ.400 என்றது, மார்க்சிஸ்ட் கட்சி மாதம் ரூ.26,000-க்குக் குறையக் கூடாது என்றது. பாரதிய ஜனதா தொகை எதையும் குறிக்காமல், மாநிலங்களின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழ் எல்லையாக வைக்கப்படும் தேசிய அடித்தள ஊதியத்தை அவ்வப்போது மறுஆய்வு செய்வதாக மட்டும் சொன்னது.

தில்லியின் திரிலோக்புரியிலோ மங்கோல்புரியிலோ குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு ரூ.400-ஆல் பயனில்லை. மாதத்துக்கு 26 நாள் என்று கொண்டால் அது ரூ.10,400, தில்லியில் பயிற்சி தேவைப்படாத வேலைக்கே அப்போது சட்டப்படியான ஊதியம் ரூ.17,494. ஆனால் அவருடைய ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவுக்கு அந்த ரூ.400 பெரிய தொகைதான். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு அந்த வேலைக்கான கூலி ரூ.319.

ரூ.26,000 என்பதை வெறும் ஏலத்தொகையாகத் தள்ளிவிட முடியாது. குடும்பத்தின் உணவு, துணி, வாடகை ஆகியவற்றைக் கொண்டு ஊதியத்தைக் கணக்கிட வேண்டும் என்ற 1957-ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் நெறியும், கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்கச் சொன்ன 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தொழிற்சங்கங்களின் கணக்குக்கு அடிப்படை. தில்லி வாடகைக்கு அது பொருந்தும். சிற்றூர் முதலாளியால் அதைக் கொடுக்க இயலுமா என்பது வேறு கேள்வி.

தில்லியில் ஊதியத்தை உண்மையில் உயர்த்திக் காட்டியது ஆம் ஆத்மி அரசு. 2017-இல் ஏறத்தாழ 37 விழுக்காடு உயர்த்திய அதன் அறிவிப்பை, முறையான ஆலோசனை நடக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்ததால், புதிதாகக் கணக்கிட்டு 2019-இல் மீண்டும் அறிவிக்க வேண்டியிருந்தது. என் பார்வையில் அதைவிட முக்கியமானது, ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அந்த அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தம். வங்கிக் கணக்கில் முழுத்தொகையைப் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்பக் கேட்கும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கும் நகரம் இது.

மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா அரசின் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை வெறும் பரிந்துரையாக இருந்த அடித்தள ஊதியத்துக்கு அது சட்ட வலு தந்திருக்கிறது. அதே சட்டம், ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பதற்கு முதல் முறை ரூ.50,000 வரை அபராதம் மட்டும் என்றும், ஐந்தாண்டுக்குள் மறுபடி பிடிபட்டால்தான் 3 மாதம் வரை சிறை என்றும் தண்டனையைத் தளர்த்தியிருக்கிறது.