பழந்துணி மூட்டையா, அட்டைப்பெட்டிக் கட்டா? வீட்டிலேயே ஓர் அம்பு டார்கெட்

எங்கள் தோட்டத்தில் மண்மேட்டுக்கு முன்னால் இரண்டு டார்கெட்டுகள் நிற்கின்றன. ஒன்று பழந்துணி அடைத்த சாக்கு மூட்டை. இன்னொன்று மளிகைக் கடை அட்டைப்பெட்டிகளை வெட்டி அடுக்கிய கட்டு. காசு கொடுத்து வாங்கியது கயிறு மட்டும்தான். 18 மீட்டரில் நின்று, 28 பவுண்ட் இழுவிசை கொண்ட ரிகர்வ் வில்லால் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) நானும் மகளும் இரண்டிலும் மாறி மாறி எய்கிறோம். உள்ளரங்கப் போட்டியின் தூரமும் அதுதான். அதற்கான இலக்குத் தாள் 40 சென்டிமீட்டர் அகலம். சுற்றிலும் ஒரு சாண் மிச்சம் இருந்தால் நல்லது.

முதலில் மூட்டை. உள்ளே போகும் அம்பைத் துணிகள் தண்டின் நெடுகப் பிடித்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடுகின்றன. தளர்வாக அடைத்தால் அந்தப் பிடி கிடைக்காது, முனை பின்பக்கம் எட்டிப் பார்க்கும். ஒவ்வோர் அடுக்கையும் காலால் மிதித்து மிதித்துத்தான் அடைக்க வேண்டும். ஒரு சாக்குக்கு எங்கள் வீட்டுப் பழந்துணி பாதிகூடக் காணவில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினோம்.

பொத்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகே துணி உள்ளே போக வேண்டும். நான் அவசரத்தில் ஒரு ஜீன்ஸை அப்படியே திணித்துவிட்டேன். ஒருநாள் மகள் விட்ட அம்பு ‘டிக்’ என்று நின்றது. உருவிப் பார்த்தால், முனைக்கு இரண்டு விரல் பின்னால் கார்பன் தண்டில் மயிரிழை விரிசல். அதை அங்கேயே ஒடித்துப் போட்டேன். விரிசல் விட்ட கார்பன் அம்பு, நாணை விட்ட நொடியிலேயே சிதறி வில் பிடித்த கையில் ஏறிவிடும்.

வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் நொறுங்கிப் பொடியாகும். அதன்மேல் ஒரு கோணிச் சாக்கை மாட்டினால் ஆயுள் கூடும். துணி கீழே அமுங்க அமுங்க மேல்பக்கம் தொளதொளக்கும். அவ்வப்போது வாயைப் பிரித்து நிரப்ப வேண்டும்.

சரி, அட்டைக்கு வருவோம். அட்டையின் பரந்த முகத்தில் எய்தால் சீக்கிரமே நடுவில் ஓட்டை விழும். பட்டைகளாக வெட்டிப் படுக்கையாக அடுக்கி, விளிம்பு நம்மைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அப்போது அம்பு இரண்டு தாள்களுக்கு நடுவே புகுந்து இறுகிக்கொள்ளும். மேலும் கீழும் பலகை வைத்துக் கயிற்றை முறுக்கி இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. மூட்டையில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு: நடுப்பகுதி நைந்தால் கட்டை அவிழ்த்து, நடுப் பட்டைகளை ஓரத்துக்கும் ஓரத்தவற்றை நடுவுக்கும் மாற்றிக் கட்டலாம். ஆனால் ஒரு மழை போதும், கட்டு ஊறிக் கூழாகிவிடும். தரையில் வைத்தால் கரையான் விடாது. கூரையும் நான்கு செங்கல்லும் கட்டாயம்.

அம்பை உருவும்போது மூட்டைதான் சுகம். ஒரு கையால் சாக்கை அழுத்தி, மறு கையால் நேராக இழுத்தால் வந்துவிடும். அட்டை புதிதாக இருக்கும்போது மகள் இரண்டு கையாலும் இழுக்கிறாள். இழுப்பவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, அம்பின் வால் கண் உயரத்துக்கு வரும்.

மற்றவற்றில் வைக்கோல் கட்டு சீக்கிரம் தளர்ந்து மக்கும், எலியும் குடியேறும். சோஃபா ஃபோம் மட்டும் போதாது, துளைத்துக்கொண்டு போய்விடும். டயர் பக்கமே போகாதீர்கள், அம்பு நம்மை நோக்கியே திரும்பி வரும்.

கூரை இருந்து, அட்டை தாராளமாகக் கிடைத்தால் அட்டையே போதும். வெட்டவெளி என்றால் மூட்டைதான் என் தேர்வு. அப்புறம், புது ஃபிரிட்ஜ், மெத்தை மேல் சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் அருமையான அடைப்பு. மழைக்கு ஊறாது, அம்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அடுத்த மூட்டைக்கு நடுவில் அது, சுற்றிலும் துணி என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உறை பாதிச் சாக்கு தேறிவிட்டது.