முன்பணம் கேட்கும் படங்கள்: மார்வெல், டிசி, இன்னும் சிலர்

ஒரு நாயகன் இன்னொரு நாயகனின் கதைக்குள் நுழைந்து வருவது காமிக்ஸ் வாசகர்களுக்குப் பழகிப்போன செய்தி. திரையில் அதையே தொழில்முறையாக நிலைநிறுத்தியது மார்வெல் ஸ்டுடியோஸ். பிறகு வார்னர் பிரதர்ஸ் டிசி காமிக்ஸ் பாத்திரங்களை வைத்தும், சோனி ஸ்பைடர்மேனின் எதிரிகளை வைத்தும் அதே வேலையில் இறங்கின. மார்வெல் பொறுமை காத்தது, டிசி அவசரப்பட்டது என்று சொல்லி இந்த ஒப்பீட்டை முடித்துவிடுவதே வழக்கம். அது பாதி உண்மைதான். ஒரு படம் பார்வையாளரிடம் எவ்வளவு முன்பணம் கேட்கிறது, அதாவது அவர் வேறு படங்களைப் பார்த்திருப்பார் என்றோ இனிமேல் பார்ப்பார் என்றோ நம்பி எவ்வளவு சுமையை இப்போதே அவர் தலையில் ஏற்றுகிறது என்பதை வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு சரியாகப் புலப்படும் என்று கருதுகிறேன்.

மார்வெல் உண்மையிலேயே கடன் வாங்கித்தான் தொழிலைத் தொடங்கியது. 2005இல் மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றபோது, கேப்டன் அமெரிக்கா, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் உள்ளிட்ட பத்துத் தலைப்புகளின் திரைப்பட உரிமையை அது ஈடு வைத்தது. ஸ்பைடர்மேன் சோனியிடமும், எக்ஸ்-மென் ஃபாக்ஸிடமும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. கையில் எஞ்சியிருந்தவை பொதுமக்களுக்கு அவ்வளவாக அறிமுகமில்லாத பெயர்கள் என்பதால், ஒவ்வொரு படமும் தன் காலிலேயே நின்றாக வேண்டிய கட்டாயம் இருந்தது. 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்தில் உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரி தோன்றும் காட்சி, பெயர்ப்பட்டியல் முழுவதும் ஓடி முடிந்த பிறகே வருகிறது. வீடு திரும்பும் நாயகன் டோனி ஸ்டார்க்கிடம், இருட்டில் நிற்கும் அவர் ‘அவெஞ்சர்ஸ்’ என்ற நாயகர் அணித் திட்டத்தைப் பற்றிப் பேச வந்திருப்பதாகச் சொல்கிறார், அவ்வளவுதான். அதற்குள் எழுந்து போய்விட்டவர்களுக்குப் படத்தில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு மேலும் நான்கு படங்கள் வந்து, 2012இன் ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில்தான் அனைவரும் ஒன்றுகூடினார்கள். இடையில் ஹல்க் வேடத்தில் எட்வர்ட் நார்ட்டனுக்குப் பதிலாக மார்க் ரஃபலோ வந்ததைக்கூட ரசிகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வரிசையில் ‘அயர்ன் மேன் 2’ மட்டும் தன் கதையை ஓரங்கட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் பந்தல் போட்டது. ஐந்தில் தள்ளாடும் படமாக நான் குறிப்பிடுவதும் அதைத்தான்.

டிசியின் நிலைமை நேர்மாறானது. சூப்பர்மேனும் பேட்மேனும் உலகறிந்தவர்கள், ஆகவே அறிமுகம் தேவையில்லை என்ற கணக்கு முதற்பார்வையில் நியாயமாகவே தோன்றும். 2013இல் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வந்தது. அடுத்த படம் வெளியாகும் முன்பே, 2014 அக்டோபரில், 2020 வரைக்குமான பத்துப் படங்களின் பட்டியலை வார்னர் அறிவித்தது. அதில் இருந்த ‘சைபோர்க்’ கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. 2016இல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’, புதிய பேட்மேனை அறிமுகப்படுத்தி, இருவரையும் மோதவிட்டு, சூப்பர்மேனைச் சாகடித்து, டிசி நாயகர்களின் அணியான ஜஸ்டிஸ் லீகுக்கும் அடித்தளம் போட வேண்டியிருந்தது. நாயகர்கள் இருவரும் மோதப்போகும் நேரத்தில், டயானா (வொண்டர் வுமன்) தன் மடிக்கணினியில் மின்னஞ்சலைத் திறந்து, ஃப்ளாஷ், அக்வாமேன், சைபோர்க் ஆகியோரின் காணொளித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறாள். ஒவ்வொரு கோப்புக்கும் அந்தந்த நாயகனின் சின்னம்கூடத் தயாராக இருக்கிறது! ஃப்யூரியின் காட்சி செய்த அதே வேலைதான் இதுவும். ஆனால் இது படத்தின் நடுவில் அமர்ந்துகொண்டு, கதை சூடு பிடிக்கும் நேரத்தில் மூன்று படங்களுக்கான முன்பணத்தை வசூலிக்கிறது.

அதன் விளைவு 2017இன் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தில் தெரிந்தது. இயக்குநர் ஸாக் ஸ்னைடர் விலகிய பின் ஜாஸ் வீடன் மறுபடப்பிடிப்பு நடத்தியதையும், சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவிலின் மீசையைக் கணினியால் அழித்ததையும் ரசிகர்கள் இன்றும் கேலியாக நினைவுகூர்கிறார்கள். மீசையை விடவும் முக்கியமானது, அணியில் இருந்த மூவருக்கு முன்கதைப் படமே இல்லை என்பது. 2021இல் வெளியான ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பு சைபோர்க்கின் கதையைப் பொறுமையாகச் சொல்லி மீட்டெடுத்தது. பிற படங்களில் செலவழித்திருக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்து ஒரே படத்தில் கொட்டியதால்தான் அதற்கு அத்தனை மணி நேரம் தேவைப்பட்டது. அதே டிசியில், எவரிடமும் எதையும் கேட்காத ‘வொண்டர் வுமன்’ வென்றது. ‘அக்வாமேன்’ 100 கோடி டாலரைத் தாண்டியது.

சோனியின் முயற்சியில் அலசுவதற்கு அதிகமில்லை. ஸ்பைடர்மேன் வராத ஸ்பைடர்மேன் உலகத்தில் ‘வெனம்’ தப்பித்தது. ‘மார்பியஸ்’, ‘மேடம் வெப்’, ‘கிரேவன்’ மூன்றும் கவிழ்ந்தன. ஃபாக்ஸ் எக்ஸ்-மென் படங்களில் காலக்கோடு ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. ஆனால் அந்தக் கவலையின்மைதான் 2017இல் ‘லோகன்’ போன்ற ஒரு படத்துக்கு இடம் கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தன் முறையை மார்வெலே பின்னர் கைவிட்டது விந்தை. 2021 முதல் டிஸ்னி பிளஸ் இணையத் தளத்தின் தொடர்களும் மார்வெல் படங்களின் பொதுக் கதை உலகத்தில் பகுதியாயின. 2023இன் ‘தி மார்வெல்ஸ்’ படத்தில் மூன்று நாயகிகள். அவர்களுள் ஒருத்திக்கு எப்படிச் சக்தி வந்தது என்பது ‘வாண்டாவிஷன்’ தொடரிலும், மற்றொருத்தியின் முழு அறிமுகம் ‘மிஸ் மார்வெல்’ தொடரிலும் இருந்தன. டிக்கெட் எடுத்தவர் பல மணி நேர வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வர வேண்டியிருந்தது. மார்வெல் ஸ்டுடியோஸ் வரிசையில் மிகக் குறைவாக வசூலித்த படம் அதுவே.

டிசி படங்களின் பொறுப்பை 2022இல் தயாரிப்பாளர் பீட்டர் சஃப்ரானோடு ஏற்ற இயக்குநர் ஜேம்ஸ் கன், இரண்டு வழிகளையும் விட்டு விலகினார். 2025இன் ‘சூப்பர்மேன்’, திரையில் ஓடும் சில வரிகளிலேயே, மீமனிதர்கள் முந்நூறு ஆண்டுகளாக இருந்துவரும் உலகம் இது என்று அறிவித்துவிடுகிறது. கிரீன் லேன்டர்னும் மிஸ்டர் டெரிஃபிக்கும் பக்கத்துத் தெருவில் வேலைக்குப் போகிறவர்களைப் போல வந்துபோகிறார்கள். அவர்களின் பூர்வீகம் தெரியாததால் கதை எங்கும் தடைபடவில்லை. படத்தின் முடிவில் குடிபோதையில் தள்ளாடி வரும் ஒரு பெண், சூப்பர்மேனிடம் விட்டுச்சென்ற தன் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அவள்தான் சூப்பர்கேர்ள் என்று அறிந்தவர் அடுத்த படத்தை நினைத்துக்கொள்வார். அறியாதவருக்கும் அந்த முரட்டு நாயின் சொந்தக்காரி யார் என்று தெரிந்த சிரிப்பு மிஞ்சும்.