முதியோர் இல்லத்தில் இன்சுலின்: குப்பியா, பேனாவா?

நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் 40 யூனிட் வகை, அதாவது ஒரு மில்லிக்கு 40. பேனா வடிவ ஊசிக் கருவிக்குள் போகும் கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குழாய், மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு விதம்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. செவிலியராக நான் அதிகம் பயப்படுவது இந்த மூடி மாறுவதற்குத்தான்.

டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். சிவப்பு மூடி தீர்ந்துபோய், 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டுவார்கள். சரியான சிரிஞ்சு வந்த அன்று கூட்டிய அளவு முழுதாக உள்ளே போய், பெரியவர் மயங்கி விழுவார். பேனா ஊசி தீர்ந்த இரவில், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுப்பது இதைவிட மோசம். அதே 20 கோட்டில் 50 யூனிட் போய்விடும். கூடவே கூடாது.

பேனாவில் இந்தக் கணக்கே கிடையாது. எண்ணைத் திருகி வைத்துப் போட வேண்டியதுதான். அதனால் என் ஓட்டு பேனாவுக்கு. ஆனால் ஒவ்வொரு முறையும் போடும் முன் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும், அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் விட்டுவிடுகிறோம். அப்புறம், ஊசியை மாற்றினாலும் ஒருவர் பேனா இன்னொருவருக்கு ஆகாது. ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் ஏறியிருக்கலாம். பெயரை மூடியில் ஒட்டாதீர்கள், மூடிகள் மாறிவிடும். பேனாவின் உடலில் ஒட்டுங்கள்.

விலையில் குப்பிதான் மலிவு. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். குப்பியை நம்பியிருக்கும் இல்லங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வாசலைத் தாண்டக் கூடாது. சிலருக்குக் குப்பி, சிலருக்குப் பேனா என்றால் தனித்தனி அலமாரி வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தீராத இரண்டு தவறுகள் உண்டு. ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமாவது ஒன்று. ஷிப்ட் மாறும்போது, ஏற்கெனவே போட்ட இன்சுலினையே தெரியாமல் மறுபடி போடுவது இன்னொன்று. வயதானவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். குழறலாகப் பேசுவார், தூங்கி வழிவார். மறதி நோய் என்று நாம் விட்டுவிடுவோம். அந்த நேரத்தில் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.