செதிலா, வளையமா, தகடா? விவிலியப் போர்வீரரின் கவசங்கள் ஓர் ஒப்பீடு

தாவீதோடு மோதிய பெலிஸ்திய மாவீரன் கோலியாத்து அணிந்திருந்த கவசத்தின் எடை ஐயாயிரம் சேக்கல் வெண்கலம் என்று சாமுவேல் முதல் நூலின் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. யூதா நாட்டு அகழாய்வுகளில் கிடைத்த எடைக்கற்களைக் கொண்டு பார்த்தால் ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம்; அப்படியானால் அந்தக் கவசம் மட்டுமே 57 கிலோவை நெருங்குகிறது, அதாவது ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் கூடுதல். வெண்கலத் தலைச்சீராவும் கால்கவசங்களும் இதில் சேரவில்லை. எண்ணில் மிகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவ்வளவு கனமான கவசத்தைத் தரையில் நின்று போரிடுகிறவன் அணிவது சரியான தேர்வுதானா என்ற கேள்வி எழுகிறது. விவிலியத்தின் பக்கங்களிலும் அவற்றுக்குப் பின்னணியான படைகளிலும் செதில் கவசம், தோல் கவசம், வளையக் கவசம், தகட்டுக் கவசம் என நான்கு வகைகள் தென்படுகின்றன. எது எவ்வளவு அடியைத் தாங்கும், உடலில் எப்படி அமரும், பழுதானால் யாரால் சரிசெய்ய முடியும் என்ற மூன்று கேள்விகளை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும்.

பழைய ஏற்பாட்டின் கவசம் பெரும்பாலும் செதில் கவசமே. கோலியாத்து அணிந்ததும் அதுதான். சிறு வெண்கலத் தகடுகளில் துளையிட்டு, அவற்றை வாரினாலோ கயிற்றினாலோ ஒன்றோடொன்று பிணைத்து, துணி அல்லது தோல் அங்கியின்மேல் மேல்வரிசை கீழ்வரிசையைச் சற்றே மூடும்படி தைப்பார்கள். இன்றைய கிர்குக் நகருக்கு அருகிலிருந்த நூசியில் கிடைத்த களிமண் பலகைகள், ஒரு கவசத்துக்கு எத்தனை செதில்கள், மார்புக்கு எத்தனை, கைகளுக்கு எத்தனை என்று கணக்கெழுதி வைத்திருக்கின்றன. சில கவசங்களுக்கு நூற்றுக்கணக்கான செதில்கள் போதுமானதாக இருக்க, சிலவற்றுக்கு ஆயிரத்துக்கும் மேல் தேவைப்பட்டன. கி.மு. 701இல் அசீரியர் முற்றுகையிட்ட யூதா நகரான லாகீசின் இடிபாடுகளிலும் இத்தகைய செதில்கள் அகப்பட்டன. அந்த முற்றுகையைச் செதுக்கிய நினிவே அரண்மனைச் சிற்பங்கள் இப்போது லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த வகையின் வலிமை, இரண்டு மூன்று அடுக்குகளாக உலோகம் ஒன்றன்மேல் ஒன்று படிவதில் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் வெட்டும் எதிரே பாயும் அம்பும் வழுக்கி விலகிவிடும். ஆனால் கீழிருந்து மேல்நோக்கிச் செருகும் முனை செதிலுக்கு அடியில் நுழையக்கூடும். கையும் உடலும் சேருமிடம், இடுப்பு மடியுமிடம் ஆகியவற்றில் இடைவெளி விடாமல் தைக்கவும் முடியாது. லிவியாதான் என்ற கடல்விலங்கின் செதில்களுக்கு நடுவே காற்றும் புகாது என்று யோபு நூல் வியக்கிறது. மனிதர் தைத்த கவசம் அப்படி அமையவில்லை என்பதற்கு இஸ்ரவேலின் ஆகாப் மன்னனே சாட்சி. கிலேயாத்திலுள்ள ராமோத்தில் அவன் மாறுவேடம் பூண்டு தேரேறினான். குறிபாராமல் ஒருவன் எய்த அம்பு அவனுடைய கவசத்தின் சந்தில் பாய்ந்தது. மாலைவரை தேரிலேயே தாங்கிப் பிடிக்கப்பட்டு, காயத்தின் இரத்தம் தேர்த்தட்டில் வடிய இறந்தான். அவனோடு அரச உடையிலேயே போன யூதாவின் மன்னன் யோசபாத்து உயிர்தப்பினான் என்பதையும் அதே அதிகாரம் சொல்லிவிடுகிறது.

விலையும் இந்தக் கவசத்துக்கு எதிராகவே நின்றது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் கானான் நாட்டு மெகிதோ நகரை வென்ற எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோசு, கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைக் கர்நாக் கோயிற்சுவரில் பொறித்து வைத்தான். எதிரித் தலைவனுடைய வெண்கலக் கவசம் ஒன்று, மெகிதோ மன்னனுடைய வெண்கலக் கவசம் ஒன்று, மற்றப் படையினரின் தோல் கவசங்கள் 200 என்று அது போகிறது. தோல் கவசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையில்கூடத் தோல் செதில்களால் ஆன கவசம் ஒன்று இருந்தது. இலேசானது, மலிவானது, உள்ளூர்த் தோல் தொழிலாளியே செய்து தரக்கூடியது. கூரிய உலோக முனையின் முன் வெண்கலத்தோடு போட்டியிட முடியாதது. படையினர் அனைவருக்கும் கவசம் வழங்கியதாக உசியா மன்னனை நாளாகமம் இரண்டாம் நூல் ஏன் தனியாகக் குறிப்பிட்டுப் பேசுகிறது என்பது கர்நாக் பட்டியலைப் பார்த்த பிறகு தெளிவாகிறது.

வளையக் கவசம் விவிலிய உலகுக்குள் வருவது பிற்பாடுதான். கி.மு. 162இல் பெத்சக்கரியாவில் சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசு போர் யானைகளோடு யூதர்களை எதிர்த்தபோது, ஒவ்வொரு யானையைச் சுற்றியும் சங்கிலிக் கவசம் அணிந்த ஆயிரம் வீரர்கள் நின்றார்கள் என்கிறது மக்கபேயர் முதல் நூல். யானைப்பாகனை அது இந்தியன் என்றே குறிப்பிடுகிறது. அந்தப் போரில் எலெயாசர் என்ற யூத வீரன், அரச கவசம் பூட்டிய யானையின் அடியில் புகுந்து வயிற்றில் குத்திக் கொன்று, அது தன்மேல் விழுந்ததால் தானும் மாண்டான். எவ்வளவு நல்ல கவசமானாலும் மூடாத பக்கத்தை எதிரி தேடுவான்.

ரோமரின் வளையக் கவசத்தில் ஒவ்வொரு வளையமும் வேறு நான்கைக் கோத்திருக்கும். முழு வளையங்கள் ஒரு வரிசை, முனைகளை ரிவெட் அடித்து மூடியவை அடுத்த வரிசை என மாறிமாறி வரும். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். ஆகையால் செய்வதற்குப் பல மாத உழைப்பு பிடிக்கும். ரோமப் படையிலேயே பத்தாயிரம் திராக்மாவுக்கு மேல் சொத்துள்ளவர்களே முன்னர் இதை அணிந்தார்கள் என்றும், ஏனையோர் ஒரு சாண் அகல வெண்கலத் தகட்டை மட்டும் நெஞ்சில் கட்டிக்கொண்டார்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு எழுதுகிறார். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் தலைமுறைகளுக்கு நிற்கும். அறுந்த இடத்தில் நாலைந்து வளையங்களைக் கோத்தால் போதும். துரு பிடித்தாலும் வளையங்கள் ஒன்றோடொன்று உராய்வதிலேயே ஓரளவு தேய்ந்துவிடும். குனியவும் ஓடவும் தடையில்லை. எடை பெரும்பாலும் 10 கிலோவை ஒட்டியே இருந்தது. அது முழுவதும் தோளில் தொங்குவதே இதன் குறை. இடுப்பில் கச்சையை இறுகக் கட்டினால் பாதிச் சுமை இடுப்புக்கு இறங்கிவிடும். ஒடுங்கிய முனையுள்ள அம்பு வளையத்தைப் பிளக்கக்கூடும் என்பதும், தடியடியின் அதிர்ச்சியை உள்ளே அணியும் தடித்த அங்கிதான் தாங்க வேண்டும் என்பதும் உண்மையே.

ரோமரின் தகட்டுக் கவசம் அடியைத் தாங்குவதில் இவை எல்லாவற்றையும் விஞ்சும். வளைந்த இரும்புப் பட்டைகளை உட்புறம் தோல்வார்களால் கோத்து, கீல்களாலும் கொக்கிகளாலும் பூட்டிய இதைத்தான் பவுலின் எபேசியர் நிருபம் சொல்லும் 'நீதியென்னும் மார்க்கவசம்' என்று ஞாயிறு பள்ளிப் படங்கள் காலங்காலமாக வரைந்து வருகின்றன. அந்தப் படங்களோடு எனக்கு உடன்பாடில்லை. மார்க்கவசமும் தலைச்சீராவும் ஏசாயா 59ஆம் அதிகாரத்திலிருந்தே வருகின்றன. ஏசாயா காலத்து வீரன் ரோமத் தகட்டைக் கண்டதே இல்லை. கி.பி. 66க்கு முன் யூதேயாவில் நிலைகொண்டிருந்ததும் பெரும்பாலும் ரோமக் குடியுரிமை இல்லாதவர்களைக் கொண்டு திரட்டிய துணைப்படைகளே. அத்தகைய படையினர் அதிகமாக அணிந்தவை வளையமும் செதிலும். ஆகவே பவுல் அன்றாடம் கண்ட காவலனின் உடலில் வளையக் கவசம் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நிருபம் கச்சையை முதலில் சொல்வதும் அந்த வீரனுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பராமரிப்பில்தான் தகட்டுக் கவசம் தோற்றது. ரோமப் பாசறைகள் இருந்த இடங்களில் உடைந்த கீல்களும் கழன்ற கொக்கிகளும் அடிக்கடி கிடைக்கின்றன. 1964இல் இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் பெட்டியோடு தோண்டியெடுக்கப்பட்ட கவசத் துண்டுகளிலும் அவசரமாக ரிவெட் அடித்து ஒட்டுப்போட்ட தடயங்கள் தெரிகின்றன. வாரும் பித்தளைப் பூட்டும் ஓயாமல் பழுதாகும் கவசத்துக்கு அருகிலேயே பட்டறை வேண்டும். கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இது வழக்கொழிய, வளையக் கவசம் இடைக்காலம் முழுவதும் தொடர்ந்தது.

ஆகவே தேரில் நிற்கும் அரசனுக்குச் செதில் கவசம் தகும். சுமையைக் குதிரைகள் இழுக்கின்றன, காலை மறைக்கத் தேர்ச்சுவரும் இருக்கிறது. நிலையான பாசறையும் கொல்லரும் உள்ள படைக்குத் தகட்டுக் கவசம் தகும். நடந்தும் ஏறியும் போரிட வேண்டியவனுக்கு என் தேர்வு வளையக் கவசமே. கோலியாத்து தேர்வீரனின் கவசத்தை அணிந்துகொண்டு ஏலா பள்ளத்தாக்கில் நடந்து வந்தான். அந்தச் சுமையோடு அவனால் கவண்காரனைத் துரத்திப் பிடிக்க இயலாது, நெற்றியோ திறந்தே கிடந்தது. சவுல் மாட்டிவிட்ட கவசத்தோடு தாவீது சற்று நடந்து பார்த்துவிட்டு, பழக்கமில்லை என்று கழற்றி வைத்ததும் தூரத்திலிருந்து கல்லெறிபவனுக்கு ஏற்ற முடிவுதான். கைகலப்புக்கு இறங்க வேண்டியிருந்தால் அவனும் அதைக் கழற்றியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன்.