சீட்டுக்கு அடியிலா, டிக்கியிலா? கார் சப்-ஊஃபரில் நான் எந்தப் பக்கம்

போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கினேன். பழைய ஓனர் டிக்கியில் 12 இஞ்ச் சப்-ஊஃபர் (தாழ்ந்த பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) பாக்ஸும் அதை ஓட்டத் தனி ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) வைத்திருந்தவர், விற்பதற்கு முன்னால் இரண்டையும் கழற்றிக்கொண்டார், வயர்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்டீரியோவை முன்னால் இழுத்துப் பார்த்தால் வயர்களை மொத்தமாகச் செருகுகிற கம்பெனி கப்ளரே இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு வயரையும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகி விரலில் கருப்பாக ஒட்டியது. ஒரு முறுக்கைப் பிரித்தேன், உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. இடது கதவு ஸ்பீக்கர் குழியில் இறங்கும்போதெல்லாம் நின்று நின்று பாடியதற்குக் காரணம் அதுதான்.

அதைச் சரிசெய்யும்போதே எனக்கும் ஒரு சப்-ஊஃபர் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கதவு ஸ்பீக்கர் மட்டும் போதாது. ஆனால் எது? சீட்டுக்கு அடியில் தட்டையாகப் போகிற, ஆம்ப் உள்ளேயே இருக்கிற 8 இஞ்ச் யூனிட்டா, இல்லை பழைய ஓனர் மாதிரி டிக்கியில் மரப்பெட்டியும் தனி மோனோ (ஒரே சானல்) ஆம்புமா? நான் சீட்டடி யூனிட்டை வாங்கினேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

முதலில் பாக்ஸுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்தத்தில் பாக்ஸ்தான் ஜெயிக்கும், அதில் வாதமே இல்லை. 12 இஞ்ச் கோனின் (ஸ்பீக்கரில் அசைகிற கூம்பு) பரப்பு 8 இஞ்சைப் போல இரண்டே கால் மடங்கு, அத்தனை காற்றைத் தள்ளும். இப்போதைய பாட்டுகளில் 30 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் சிந்தசைசர் பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டுமென்றால் சீட்டடி யூனிட்டால் ஆகாது. என் காதுக்கு வேண்டியது எண்பதுகளின் பாட்டுகளில் பின்னால் நடந்து போகிற பேஸ் கிடார். நான்கு கம்பி பேஸ் கிடாரின் மிகக் கீழ் சுரமே 41 ஹெர்ட்ஸ்தான், பாட்டில் பெரும்பாலும் அதற்கு மேலேயே உலவும். தவிலின் தொப்பிப் பக்கமும் அப்படித்தான். அதற்கு 8 இஞ்ச் தாராளம்.

இடத்தைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. என் ஸ்விஃப்டின் டிக்கி 268 லிட்டர். 12 இஞ்சுக்கான போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி உள்ளளவே ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும், பலகை கனத்தையும் அதன் வடிவத்தையும் சேர்த்தால் ஊருக்குப் போகும்போது பெட்டி படுக்கையை மடியில்தான் வைக்க வேண்டும். சிஎன்ஜி வண்டி என்றால் இந்தக் கேள்வியே வராது, சிலிண்டர் முந்திக்கொண்டிருக்கும். சீட்டடி யூனிட் 7 செண்டிமீட்டர் உயரம். வாங்குவதற்கு முன் சீட்டை முன்னும் பின்னும் முழுசாக ஓட்டி, அடியில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள், உயரம் மாற்றும் சீட் என்றால் கீழே இறக்கி வைத்து அளக்க வேண்டும்.

இனி எனக்கு முடிவைக் கொடுத்த விஷயம். வயர்.

தனி ஆம்ப் என்றால் பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் கனமான பவர் வயர், ஸ்டீரியோவிலிருந்து பாட்டு சிக்னலுக்கு ஆர்சிஏ, ஆம்பை ஆன் செய்ய ரிமோட் வயர், டிக்கியில் வண்டித் தகரத்தோடு சேரும் எர்த், ஆம்பிலிருந்து பெட்டிக்கு ஸ்பீக்கர் வயர். ஐந்தையும் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 500 வாட், 600 வாட் ஆம்ப் 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதற்கு 4 கேஜ் செம்பு வேண்டும் (கேஜ் எண் குறையக் குறைய வயர் கனம்). கடையில் செட்டாகத் தருகிற கிட்டுகளில் நிறைய, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 61 சதவீதம்தான். மேலே கனமான ரப்பர் உறை இருப்பதால் பார்வைக்குத் தெரியாது, நுனியைச் சீவினால் உள்ளே வெள்ளை தெரியும்.

சீட்டடி யூனிட்டுக்கு இந்தக் கணக்கே சின்னது. என்னுடையது 125 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தருகிற பவர். கரண்டை அதிகம் வீணாக்காத கிளாஸ்-டி ஆம்ப் என்பதால் முழு சத்தத்தில் போனாலும் 11, 12 ஆம்பியர், 15 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். பேட்டரியிலிருந்து முன் சீட் வரை 5 மீட்டர் கூட ஆகாது. 8 கேஜ் செம்பில் 15 ஆம்பியர் ஓடினாலும் அந்த நீளத்துக்கு 0.15 வோல்ட்தான் விழும். அதே இடத்தில் யாராவது 16 கேஜ் வயரைப் போட்டால் ஒரு வோல்ட் போய்விடும், வயரும் சூடாகும்.

அதைவிட முக்கியம், எதையும் வெட்டத் தேவையில்லை என்பது. வண்டியின் ஒரிஜினல் சாக்கெட்டில் பொருந்துகிற மாருதி கப்ளர் தனியாகக் கிடைக்கிறது, சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கேட்கலாம். அதன் மறுமுனையைப் புது ஸ்டீரியோவின் வயர்களோடு மேஜையில் வைத்தே சோல்டர் அடித்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) மாட்டிவிடலாம். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்ட், கருப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்புக்கு ரிமோட். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ். காருக்குள் குனிந்து செய்கிற வேலை வெறுமனே கப்ளரை அழுத்துவதுதான். கம்பெனி ஸ்டீரியோவையே வைத்துக்கொள்வதாக இருந்தாலும் சரி, பெரும்பாலான சீட்டடி யூனிட்டுகள் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும். ஆர்சிஏ இருந்தால் ஆர்சிஏவுக்குப் போங்கள், ஸ்டீரியோவிலிருந்தே சப்-ஊஃபரைக் கூட்டிக் குறைக்கலாம்.

இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம், நான் வாங்குகிற பக்கத்தில் நின்றவன். அந்த டேஷ்போர்டைத் திறந்து பார்க்காமலே, டிக்கியில் தொங்கிய அறுந்த வயரைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார். அந்த வயரை அறுக்காமல் விட்டிருந்தால் எனக்குப் பேச வாயே இருந்திருக்காது. இன்ஷூரன்ஸிலும் இப்படி வெளியில் வாங்கிப் போடுவதை எலக்ட்ரிக்கல் ஆக்சஸரி என்று மதிப்புச் சொல்லித் தனியாகச் சேர்த்தால்தான் அதற்குக் கவர் உண்டு. வாரண்டி ஓடுகிற வண்டி என்றால் வெட்டின ஒரு வயர் போதும், எலக்ட்ரிக்கல் புகார் எதைக் கொண்டுபோனாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.

எதை வைத்தாலும் இரண்டு இடத்தில் சோம்பல் கூடாது. ஒன்று, ஃப்யூஸ். பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும், ஆம்புக்குப் பக்கத்தில் அல்ல. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகரம்) ஓட்டையில் வயர் உரசித் தகரத்தைத் தொட்டால், அதற்கு முன்னால் ஃப்யூஸ் இருந்தால்தான் நெருப்பு வராது. அந்த ஓட்டையில் ரப்பர் கிராமெட் (வளையம்) கட்டாயம். இன்னொன்று, எர்த். சீட் போல்ட்டுக்குப் பக்கத்தில் பெயின்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகு லக் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) வைத்து முடுக்கினேன். முதலில் சுரண்டாமல் வைத்துப் பார்த்தபோது ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க கொசு மாதிரி ஒரு ரீங்காரம் ஏறியது. சுரண்டியதும் போய்விட்டது. பவர் வயரை ஒரு பக்கமும் ஆர்சிஏவை மறுபக்கமும் கொண்டுபோவதும் இதற்காகத்தான்.

கதவு ஸ்பீக்கர்களைப் பற்றி. ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் பெருக்கல் 4 என்று எழுதியிருக்கும், உள்ளே இருக்கிற சிப் நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட்தான் சுத்தமாகத் தரும், 14.4 வோல்ட்டிலிருந்து அதற்கு மேல் பெரிதாக எடுக்க முடியாது. அந்த 20 வாட்டில் பேஸையும் தூக்கச் சொன்னால் 6.5 இஞ்ச் ஸ்பீக்கர் கரகரக்கும். சப்-ஊஃபர் வந்த பிறகு ஸ்டீரியோவில் ஹை-பாஸை (அதற்குக் கீழே உள்ள சத்தத்தைத் தடுப்பது) 100 ஹெர்ட்ஸில் வைத்தேன், சப்-ஊஃபர் பக்கம் லோ-பாஸை (அதற்கு மேலே உள்ளதைத் தடுப்பது) 80-ல் வைத்தேன். குரல் தெளிந்தது, கதவுத் தகரம் அதிர்வது நின்றது. எனக்குக் கிடைத்த பலனில் பாதி இதுதான். ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறிவிட்டதா என்று பார்க்க, வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள், பேட்டரி பிளஸ் ஸ்பீக்கர் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒரு கதவில் மட்டும் மாறியிருந்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். என் வலது கதவில் அப்படித்தான் இருந்தது.

பாக்ஸை நான் சொந்த வண்டியில் வைத்ததில்லை, மச்சான் காரில் மூன்று மாதம் ஓட்டிய அனுபவம்தான். அதனால் ஐந்து வருஷத்தில் அந்த ஆம்ப் எப்படி உழைக்கும் என்பது பற்றி என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டடி யூனிட்டிலும் எனக்கு ஒரு மழைக்காலம்தான் கடந்திருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு பயம் காட்டிவிட்டது: ஏசி டிரெயின் குழாய் அடைத்துக்கொண்டு பக்கத்து சீட் கார்ப்பெட் முழுக்க ஈரம். யூனிட் நனையவில்லை, விளிம்பு வரை வந்துவிட்டது. இப்போது அடியில் ரப்பர் கட்டை வைத்து ஒரு விரல்கடை தூக்கி வைத்திருக்கிறேன். தாழ்வான தெருவில் வண்டி நிறுத்துகிறவர்கள், வருஷா வருஷம் டிசம்பரில் காருக்குள் தண்ணீர் வருகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். உங்களுக்கு டிக்கிதான் சரி. பெட்டி வேண்டாமென்றால் ஆம்ப் சேர்ந்தே வருகிற பேஸ் டியூப்பை (உருளை வடிவ சப்-ஊஃபர்) டிக்கியில் வைக்கலாம், சர்வீசுக்கு விடும்போது கப்ளரைப் பிடுங்கித் தூக்கி வீட்டில் வைத்துவிடலாம்.

நான் சர்வீசுக்கு விடும் முதல் நாள் ராத்திரி பானட்டைத் திறந்து, அந்த 15 ஆம்பியர் ஃப்யூஸை உருவி பர்ஸில் போட்டுக்கொள்கிறேன்.